பெட்டியில் வைக்காத பாதாளக் கரண்டி

என் வீட்டுக்காரர் தர்மசந்திரன் முப்பத்தோரு வருஷம் போலீஸ் ஒயர்லெஸ்ஸில் மெக்கானிக்காக இருந்தார். அடுத்தவர்கள் பேசிக்கொள்வதற்கு வழி செய்து கொடுப்பதுதான் நாள் முழுக்க வேலை. வீட்டுக்கு வந்ததும் சட்டையோடு சேர்த்து வாயையும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். கல்யாணமான புதிதில், இந்த மனுஷனுக்கு என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மூன்று மாதம் அழுதிருக்கிறேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர் எல்லோரிடமும் அப்படித்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்ற லட்சக்கணக்கில் ஜனம் வரும்போது, இவர் ஒரு கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாக்கிடாக்கிகளுக்குப் பாட்டரி மாற்றிக்கொண்டிருப்பார். காலையில் வந்து, "கூட்டம் ஜாஸ்தி" என்பார். ஊரே கூடின விசேஷத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து வருவது அந்த ரெண்டு வார்த்தைதான்.

அப்படிப்பட்டவர் மணிக்கணக்கில் பேசுகிற ஒரு விஷயம் உண்டு. ரிமோட்டில் ஓடுகிற நீர்மூழ்கிக் கப்பல். மலையைச் சுற்றுகிற ஊரில் இருந்துகொண்டு இந்த மனுஷனுக்கு நீர்மூழ்கிப் பைத்தியம் எங்கிருந்து பிடித்ததோ, நான் அறியேன். பிளம்பர் கடைக் குழாயில் உடம்பு, கண்ணாடி மாதிரி மூடி, உள்ளே மோட்டார், தண்ணீரை உறிஞ்சி முழுகவும் கக்கி மேலே வரவும் மாட்டாஸ்பத்திரி ஊசிக்குழல். கை நீளம் இருக்கும். "புது ரிமோட்டெல்லாம் காத்துலதான் சூரன். தண்ணிக்குள்ள ஒரு சாண் போனா சிக்னல் செத்துடும். பழைய செட்டுதான் அடி வரைக்கும் பேசும்" என்பார். அதற்காகவே எங்கெங்கோ தேடி ஒரு பழைய ரிமோட் வாங்கி வைத்திருந்தார்.

எங்களுக்கு ஒரே பெண். த்ரிசலா. ஒன்பது வயதில் அப்பாவோடு ஏரிக்குப் போக ஆரம்பித்தாள். கப்பலுக்கு 'முழுகி' என்று பேர் வைத்ததும் அவள்தான். ஒருநாள் ஏரியிலிருந்து திரும்பியவள் சாப்பிடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். முழுகியின் விசிறியில் ஒரு தலைப்பிரட்டை அடிபட்டுச் செத்துப்போயிற்றாம். நாங்கள் ஜைனர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும், இவளோ வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவர் எழுந்து சமையலறைக்கு வந்து, என்னுடைய டீ வடிகட்டியை எடுத்து, கம்பியை அறுத்து, வலையை விசிறியைச் சுற்றி மாட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் அவள் சோற்றில் கை வைத்தாள். வடிகட்டி போயிற்றே என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். பெண் எந்தப் பக்கம் போகிறாள் என்று அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை, வடிகட்டியைத்தான் பார்த்தேன்.

ஏரிக்குப் போகிற நாளில் எடுத்துப்போக அவர் ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தார். கரைக்குப் போன பிறகு ஒரு திருகாணி இல்லை என்றால் ஏரி இருக்கிற கீழ்பென்னாத்தூரிலிருந்து வீட்டுக்கு, திருவண்ணாமலைக்குத் திரும்பி ஓட முடியுமா? அதனால் மூடியின் உட்பக்கம் ஒரு பட்டியல் ஒட்டியிருப்பார், இருபத்து மூன்று சாமான். பெட்டி கட்டுவது ரெண்டு பேர் வேலை. த்ரிசலா பட்டியலைப் படிப்பாள், அவர் அந்தச் சாமானைக் கையில் தூக்கிக் காட்டி, "இருக்கு" என்று சொல்லி உள்ளே வைப்பார். கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, வாயால் சொன்னால்தான் கணக்கு. டூட்டிக்குப் போகிற வண்டியில் செட்டுகளை அப்படித்தான் ஏற்றுவார்களாம். இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் எதையும் மறந்ததில்லை.

அவள் சென்னையில் படித்தாள், அங்கேயே ரெண்டு வருஷம் வேலை பார்த்தாள். பிறகு ஒருநாள் வேலையை விட்டுவிட்டு மடத்துக்குப் போனாள். வெள்ளைப் புடவை உடுத்தினாள், விரதங்கள் எடுத்தாள். குளம், குட்டை, ஏரியில் கால் வைப்பதில்லை என்பது அதில் ஒன்று. காலடியில் எத்தனை உயிர் நசுங்குமோ என்றுதான். ரெண்டு வருஷம் அப்படி இருந்த பிறகு, போன வைகாசியில், தீட்சை வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டாள்.

தீட்சை என்றால் என்ன என்பது எங்கள் ஜனங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தலைமுடியைக் கையாலேயே பிடுங்கி எடுப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பாடு. எங்கே போனாலும் செருப்பில்லாத நடை. வீடு கிடையாது, பிறந்த பேர் கிடையாது. என்னை அம்மா என்று கூப்பிடமாட்டாள். நான்தான் எல்லோரோடும் வரிசையில் நின்று அவளைக் கும்பிட்டுவிட்டு வர வேண்டும். அதற்கு முன்னால் சபையில் வைத்து, பெற்றவர்களிடம் கேட்பார்கள், சம்மதமா என்று. ரெண்டு பேரும் வாயால் சொல்ல வேண்டும். ஒருத்தர் சொல்லாவிட்டாலும் அந்த மடத்து மாதாஜி தீட்சை கொடுக்கமாட்டார்.

வைகாசியிலேயே நான் சம்மதம் சொல்லிவிட்டேன். சொந்தக்காரர்கள் எல்லோரும், "ஜெயந்திமாலாவுக்கு எவ்வளவு பெரிய மனசு" என்று போன் போட்டுப் பேசினார்கள். பெரிய மனசாவது மண்ணாவது! இவர் ஒருக்காலும் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பார், தீட்சை நடக்காது, பெண் வீட்டுக்கு வந்துவிடுவாள், தடுத்த பழியும் எனக்கு வராது. நான் நல்ல அம்மா, அவர் கெட்ட அப்பா. இந்தத் தைரியத்தில்தான் சொன்னேன். நான் நினைத்தபடியே அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவளே நேரில் கேட்டபோதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த எட்டு மாதமும் வீட்டில் ஒரு சத்தமில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் சரியாக வரவில்லை. மாவு புளித்ததா, தண்ணீர் வந்ததா, இவ்வளவுதான் மண்டைக்குள் ஓடியது. காலையில் குழாயில் வடிகட்டுத் துணியைக் கட்டுவேன், சாயங்காலம் அவிழ்ப்பேன். நடுவில் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவரும் சாப்பிட்டார், தூங்கினார், பேப்பரைப் பிரித்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமைக்குத் தீட்சை குறித்தார்கள். வீட்டில் விடைபெற்றுக்கொள்ள அவளைத் திங்கட்கிழமை அனுப்பிவைத்தார்கள். செவ்வாய் காலை, எட்டு மாதமாகத் தொடாத தகரப் பெட்டியை அவர் பரணிலிருந்து இறக்கினார்.

"ஏரிக்குப் போலாம்" என்றார்.

த்ரிசலா அவரைப் பார்த்தாள். "நான் தண்ணியில கால் வைக்கமாட்டேன்பா. கரையில உட்கார்ந்துக்கறேன், பரவாயில்லையா?"

"சரி."

கூடத்தில் ஒரு பழைய போர்வையை விரித்தார். சாமான்களைப் பரப்பினார். முழுகியைப் பக்கெட் தண்ணீரில் அமுக்கிப் பிடித்து, மூடியோரம் குமிழி வருகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வரவில்லை. துடைத்து வைத்தார். அவள் மூடியைத் திறந்து படிக்க ஆரம்பித்தாள். நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"ரப்பர் வளையம், நாலு."

"இருக்கு."

"கிரீஸ்."

"இருக்கு."

"காது குடையுற பஞ்சுக்குச்சி." மூடி உட்காருகிற பள்ளத்தைத் துடைக்க அது வேண்டும். ஒரு மணல் இருந்தாலும் தண்ணீர் உள்ளே வந்துவிடுமாம்.

"இருக்கு."

ஈயக்குண்டு, தெர்மோகோல் துண்டு, உதிரி பாட்டரி, மீட்டர், இன்சுலேஷன் டேப், பழைய துண்டு ரெண்டு என்று போய்க்கொண்டே இருந்தது. அவள் குரலில் ஒன்றுமில்லை, அவர் குரலிலும் ஒன்றுமில்லை. ரேஷன் கடையில் பேர் கூப்பிடுகிறவர்கள்கூட இன்னும் கொஞ்சம் உயிரோடு கூப்பிடுவார்கள். பத்தொன்பதாவது வந்தது.

"பாதாளக் கரண்டி, கயிறு."

கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற கொக்கிதான். அதையே சின்னதாகச் செய்து, மீனைக் குத்தாமல் நுனிகளை ராவி மழுக்கி வைத்திருந்தார். முழுகி பாசியில் சிக்கினால் கரையில் நின்றபடியே வீசி இழுத்துவிடலாம். கரண்டிக்கும் எட்டாவிட்டால், சின்ன வயதில் த்ரிசலாதான் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு இறங்கி எடுப்பாள். எனக்குத் தண்ணீரென்றால் பயம். அவருக்குப் போன வருஷம் முட்டியில் ஆபரேஷன், சேற்றில் கால் வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இருக்கு" என்றார்.

அவர் கையில் ஒன்றுமில்லை. பெட்டிக்குள் கைவிட்டு எதையோ நகர்த்தினார், அவ்வளவுதான். த்ரிசலா அப்போது குனிந்து அடுத்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். பின்கட்டுக் கதவுக்குப் பின்னால், கயிறு சுற்றினபடி பாதாளக் கரண்டி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. முப்பது வருஷம் கூடக் குடித்தனம் நடத்தினவளுக்கு இது விளங்காதா? அப்பா கப்பல் சிக்கிக்கிடந்தால் இந்தப் பெண் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டாள். இறங்குவாள். இறங்கினால் விரதம் போச்சு. விரதம் போனால் வெள்ளிக்கிழமை போச்சு. 'என்னங்க, கரண்டியை விட்டுட்டீங்களே' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளே போய் அடுப்பைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

எங்கள் பழைய ஆம்னி வேனில் கிளம்பினோம். வழியெல்லாம் நெல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஏரி மழைக்கு நிறைந்து, அப்போதுதான் வடிய ஆரம்பித்திருந்தது. அவர் வழக்கமாக விடுகிற மதகுப் பக்கம் போகவில்லை. வேலம்பாசி படர்ந்து கிடந்த மூலையாகப் பார்த்துப் பெட்டியை இறக்கினார்.

"இங்க பாசி ஜாஸ்தியா இருக்கேப்பா" என்றாள் த்ரிசலா.

"பரவால்ல."

அவள் கரைக்கல்லில் துண்டை உதறி, எறும்பு இருக்கிறதா என்று பார்த்து உட்கார்ந்தாள். அவர் முழுகியைத் தண்ணீரில் விட்டார். கொஞ்ச தூரம் மேலாக ஓடியது, பிறகு மூக்கைச் சாய்த்து உள்ளே போயிற்று. அவர் கட்டைவிரலையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாசிப் பக்கமாகத் திருப்பினார். தெரிந்தே திருப்பினார். விசிறியைச் சுற்றியிருந்த வலையில் பாசி சுற்றிக்கொண்டது, மோட்டார் சத்தம் திணறி நின்றது. சிக்னல் போனாலோ மோட்டார் நின்றாலோ தானாகத் தண்ணீரைக் கக்கிக்கொண்டு மேலே வருகிற மாதிரி அவரே வைத்திருந்தார். அதுவும் கக்கியது, குமிழி வந்தது. முழுகி வரவில்லை.

"கயிறு எடுங்கப்பா."

"மறந்துட்டேன்."

அவள் எழுந்து வந்து பெட்டிக்குள் பார்த்தாள். "நான் படிச்சேனே. இருக்குன்னு சொன்னீங்க."

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று.

கோபப்பட்டிருந்தால் தேவலை. அவள் கோபப்படவில்லை. "அப்பா, நான் இறங்கி எடுத்துக் குடுத்தா உங்களுக்குத் திருப்தியா இருக்குமா?" என்று கேட்டாள். "சொல்லுங்க, இறங்கறேன். மாதாஜிகிட்ட போய் உள்ளதைச் சொல்லுவேன். பிராயச்சித்தம் குடுப்பாங்க, ஒரு வருஷம் தள்ளிவைப்பாங்க. அந்த ஒரு வருஷமும் மடத்துலதான் இருப்பேன். அப்புறம் திரும்ப வந்து உங்ககிட்ட கேப்பேன். அப்பவும் கரண்டியை மறந்துட்டுதான் வருவீங்களா?"

அவர் ரிமோட்டை அழுத்தினார். அவள் புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, கல்லில் ஒரு படி இறங்கினாள். இன்னொரு படி இறங்கினாள். தண்ணீருக்கும் அவள் கால் விரலுக்கும் ஒரு சாண். இறங்கிடு, இறங்கிடு என்று என் மனசு கூவிக்கொண்டிருந்தது. பெற்றவள் நினைக்கிற நினைப்பா அது? நினைத்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு வருஷம் கிடைத்தால்கூடப் போதும் என்று இருந்தது. அவர் பலனில்லாத ரிமோட்டை இன்னும் அழுத்திக்கொண்டே நின்றார்.

"இன்னா சார், மீனா புடிக்கிறீங்க?"

கரைமேல் ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு அம்மா நின்றாள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறோம், பாஞ்சாலை என்று பேர். அவளே இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள்.

"அட, உங்க கப்பலு மாட்டிக்கிச்சா? முட்டிக்கு மேல ஒரு சாணுதான் தண்ணி கீது. இதுக்கா மூணு பேரும் எழவு விழுந்த ஊடு மாதிரி நிக்கிறீங்க? நவுரு பாப்பா, நவுரு."

புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, த்ரிசலாவைத் தோளைப் பிடித்து ஓரமாக நிறுத்திவிட்டு, சளக் சளக் என்று தண்ணீரில் நடந்துபோனாள். பாசியை ரெண்டு கையாலும் பிய்த்து முழுகியைத் தூக்கினாள். திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னாத்துக்கு டீ வடிகட்டியக் கொண்டாந்து வாலுல கட்டிக்கீறீங்க?"

"தலைப்பிரட்டை அடிபடாம இருக்கங்க" என்றாள் த்ரிசலா.

"அடி ஆத்தாடி! தலப்பெரட்டைக்கா இம்மாம் வேல? நல்ல மனசுக்காரப் பொண்ணுதான் போ." முழுகியை அவர் கையில் கொடுத்துவிட்டு, த்ரிசலாவின் வெள்ளைப் புடவையை மேலும் கீழும் பார்த்தாள். "கண்ணாலம் ஆயிடுச்சா, பாப்பா?"

"இல்லைங்க. வெள்ளிக்கிழமை சந்நியாசம் வாங்கிக்கறேன்."

பாஞ்சாலையின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பெத்தவங்க சரின்னுட்டாங்களா?"

எட்டு மாதமாக எங்கள் வீட்டுக்குள் யாரும் இவ்வளவு பச்சையாகக் கேட்டதில்லை. த்ரிசலா அவரைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆடுகள் கரைக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போக ஆரம்பித்தன. "யம்மா, பயிருல பூந்துடும்" என்று பாஞ்சாலை ஓடிவிட்டாள்.

அவர் கீழே உட்கார்ந்தார். ஆபரேஷன் முட்டியை நீட்டி வைத்துக்கொண்டு, முழுகியை மடியில் போட்டுப் பழைய துண்டால் துடைத்தார். வலையிலிருந்த பாசியை நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்தார். பாசிக்குள் ஒரு சின்ன நத்தை இருந்தது. அதை நுனிவிரலில் ஏற்றித் தண்ணீரோரம் கொண்டுபோய் விட்டார். மூடியைக் கழற்றினார், உள்ளே ஈரமில்லை. ரப்பர் வளையத்தை எடுத்துத் துடைத்து, கிரீஸ் தடவி, காகிதத்தில் மடித்தார். ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்குப் போயிற்று. எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. நான் ஒன்றும் நினைக்கவில்லை. இவர் இப்படியே இருப்பார், இருக்கட்டும், வெள்ளிக்கிழமையும் சபையில் இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும் என்று மட்டும் இருந்தது.

பெட்டியை மூடினார். கொண்டியைப் போட்டார்.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு நாங்க அங்க இருக்கணும்மா?" என்றார்.

த்ரிசலாவின் கண் நிறைந்தது. "காலையில ஆறு மணிக்குப்பா."

அவர் தலையை ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். நீயாவது வேண்டாம்னு சொல்லேன் என்று அந்தப் பார்வை கேட்டது. எட்டு மாதமாக அவரும் என்னைத்தான் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெரிய மனசுக்காரி என்று ஊரெல்லாம் பேர் வாங்கினவள் நான், எந்த முகத்தோடு சொல்வேன்?

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அப்போ நாலரைக்கே கிளம்பணும்" என்றேன்.